தட்டில் மிச்சம் வைத்த மூன்று அட்டைகள்

1

நம் சபை மாத இதழின் ஆசிரியர் ஊரிலிருந்து கடிதம் போட்டிருந்தார். பினாங்கில் நான் வாலிபர் கூட்டம் நடத்தத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகிறதாம். எனக்கே நினைவில்லை, அவர் நினைவு வைத்திருக்கிறார். அதற்காக ஒரு கட்டுரை வேண்டும் என்கிறார். வயது வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிற பெற்றோருக்கும் ஊழியருக்கும் ஊக்கம் தருவதாக இருக்க வேண்டுமாம். நான்கு பக்கத்துக்கு மேல் போகக் கூடாதாம். தக்க வசனங்களைச் சேர்க்க வேண்டுமாம்.

எழுதுகிறேன். ஆனால் வசனம் எடுத்துப் போட மாட்டேன். வசனத்தை வைத்து நான் செய்த வேலையைப் படித்த பிறகு, போட்டிருக்கலாமே என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள்.

எங்கள் பாஸ்டர் இதை எழுத வேண்டாம் என்றார். "ஊர்க்காரங்க என்ன நினைப்பாங்க, சிஸ்டர்?" என்று கேட்டார். ஊர்க்காரர்கள் நினைப்பதை நினைத்து நினைத்துத்தான் நான் இந்த லட்சணத்தில் இருக்கிறேன்.

முதலில் பெற்றோரைப் பற்றிச் சொல்கிறேன். பத்து வருஷமாக எனக்கு வரும் புகார் ஒன்றே ஒன்றுதான். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒரு அம்மா பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். போன மாதம் வந்தவள் இப்படித் தொடங்கினாள்.

"அக்கா, இவன்கிட்ட நீங்களே கேளுங்க. ஃபார்ம் ஃபைவ் முடிக்கப் போறான். அப்புறம் என்னடான்னு கேட்டா தெரியலங்கிறான். வாயில வேற வார்த்தையே வரமாட்டேங்குது."

"என்னப்பா, என்ன செய்யப்போற?"

"தெரியல ஆன்ட்டி."

"பாத்தீங்களா! பாத்தீங்களா!"

"ஏம்மா, இந்த வயசுல உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருந்துதா?"

"அவருக்கு இப்பவே தெரியல லா!"

இருவரும் சிரித்தோம். பையன் சிரிக்கவில்லை. செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். நாங்கள் சிரித்தது அவனுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை என்பது எனக்கு பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

"தெரியல" என்று பிள்ளை சொன்னால் நமக்கு ஏன் இப்படி எரிகிறது? வீட்டில் பாம்பு நுழைந்துவிட்ட மாதிரி, உடனே அடித்துக் கொன்றாக வேண்டும் என்று நிற்கிறோம். என் வீட்டிலும் அது நுழைந்தது. நானும் அடித்தேன். எதை எடுத்து அடித்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

எனக்கு ஒரே மகள். பெயர் கிருபா. நாங்கள் கெலுகோரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஸ்டோர் கிளார்க்.

இங்கே எங்கள் சபையில் புது வருஷக் காலை ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஊரிலிருந்து வந்த வழக்கம்தான். பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை, அதில் ஒரு வசனம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்குக் கடவுள் உனக்குச் சொல்வது அது. சிலர் பர்ஸில் வைப்பார்கள். சிலர் அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டுவார்கள். வீடு மாறலாமா, பெண் பார்க்கலாமா என்று அதை வைத்து முடிவெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த அட்டைகள் உங்கள் ஊர் அச்சகத்திலிருந்துதான் வருகின்றன. ஒவ்வொரு வசனத்தையும் நான்கு பிரதி அடித்து, நூல் போட்டுக் கட்டி, பார்சலாகக் கப்பலில் அனுப்புவார்கள். அதை வாங்கி வரும் வேலை என்னுடையது. ஒரு வருஷம் பார்சல் கவுண்டரில் இருந்த மலாய்க்கார அதிகாரி கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, லாட்டரியா என்று கேட்டார். இல்லை, சாமி தருகிற வாக்கு, ஆளுக்கு ஒன்று என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

"எல்லாருக்கும் கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"வெறும் அட்டை ஒன்றுகூட இல்லையா?"

"ஒன்றுகூட இல்லை."

"அப்படியென்றால் நல்ல லாட்டரி," என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தார்.

அன்றைக்குப் பெருமையாக இருந்தது. ஒன்றும் எழுதாத அட்டை எங்கள் தட்டில் கிடையாது. எங்கள் சபையில் யாருக்கும் "தெரியாது" என்ற பதில் வராது. இப்போது யோசித்தால் அதுதான் எங்கள் வியாதி.

3

எனக்கும் ஒருகாலத்தில் பதினெட்டு வயது இருந்தது. ஊரில் டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்று ஆசை. விண்ணப்பத் தாளை வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அப்போதுதான் பினாங்கு மாப்பிள்ளை வந்தார்.

அப்பா மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "கர்த்தர் எனக்குக் காண்பிச்சிட்டார்" என்றார். நான் ஆமென் சொன்னேன். கடவுளே சொன்ன பிறகு நான் வேறு என்ன சொல்ல? இரண்டே மாதத்தில் கப்பல் ஏறினேன்.

பல வருஷம் கழித்து என் அண்ணன் கடிதத்தில் உளறிவிட்டான். சம்மதம் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பா எழுதிய கடிதம் உபவாசத்துக்கு முந்தின வாரமே போய்விட்டதாம். கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு ஜெபிக்க உட்கார்ந்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. நேராக, "இது நல்ல இடம், எனக்கு வயசாகுது, ஒத்துக்கோ" என்று அப்பா சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். அழுதிருப்பேன், ஆனால் வந்திருப்பேன். இடையில் கடவுளை எதற்கு இழுக்க வேண்டும்? அந்தக் கடிதத்தை வாசித்த அன்று அடுப்பில் குழம்பு தீய்ந்தது. என் பிள்ளைக்கு இதைச் செய்யவே மாட்டேன் என்று அந்தத் தீய்ந்த சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னேன்.

சட்டி சுத்தமானது. அவ்வளவுதான்.

4

கிருபா பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த வருஷம், அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் இங்கிலாந்தில் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டார்கள். இவளும் சேர்ந்து போட்டாள். டிசம்பரில் கடிதம் வந்தது. இடம் இருக்கிறது, வருகிறாயா இல்லையா, ஜனவரிக்குள் பதில் சொல் என்று கேட்டிருந்தார்கள்.

"போறியா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா."

"போகலையா?"

"அதும் தெரியல. போகணும்னும் இருக்கு. பயமாவும் இருக்கு. யோசிக்கிறேன்ம்மா, கொஞ்சம் விடுங்க."

ஒரு வாரம் விட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். பிறகு தினமும் கேட்டேன். சோறு போடும்போது கேட்டேன், துணி காயப் போடும்போது கேட்டேன். வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "பிள்ளை யோசிக்கட்டுமே" என்றார். அவருக்கென்ன, பேப்பர் இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். அவள் போவதில் எனக்கு விருப்பமில்லை. பயம்தான். ஒரே பிள்ளை, பனி கொட்டுகிற ஊர். போனவள் திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே திரும்பவில்லை. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாலிபர் கூட்டத்தில் வாராவாரம் "பயப்படாதே" என்று போதிக்கிற நான், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொந்த மகளிடம் எப்படிச் சொல்வது?

டிசம்பர் கடைசியில் அட்டைக் கட்டைப் பிரித்து அடுக்கினேன். ஒரு வசனம் கண்ணில் பட்டது. பஞ்ச காலத்தில் வேறு தேசத்துக்குப் புறப்பட்ட ஒருவனைத் தடுத்து நிறுத்திய வசனம். அர்த்தத்தை மட்டும் சொல்கிறேன்: இந்த நாட்டிலேயே இரு, நான் உன்னோடு இருப்பேன்.

நான்கு பிரதி இருந்தன. ஒன்றைப் பொதுவில் போட்டேன். மூன்றைத் தனியாக எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

கிருபா ஆராதனையில் ஆர்மோனியம் வாசிப்பவள். எல்லாரும் அட்டை எடுத்து முடிக்கும் வரை பாட்டு வாசித்துவிட்டுக் கடைசியில்தான் வருவாள். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். அவளுக்கு முன்னால் வந்தவர் நகர்ந்ததும், மிச்சமிருந்த அட்டைகளை வழித்துப் பைக்குள் தள்ளிவிட்டு அந்த மூன்றையும் கவிழ்த்து வைத்தேன். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். நானும் என் முகத்தை ஜெபிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

மகள் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. கை மூன்றுக்கும் மேலே கொஞ்சம் தயங்கி, நடுவில் இருந்ததை எடுத்தது.

வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். தெரிந்துவிட்டது என்ற நிம்மதி. "அம்மா, பாருங்க" என்று அட்டையை நீட்டினாள். நான் பார்த்தேன். "ஸ்தோத்திரம்" என்றேன். ஆம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

மறுநாளே இங்கிலாந்துக்கு, வரவில்லை என்று எழுதிப் போட்டாள்.

5

பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. விடியும் முன் ஃபேக்டரி பஸ் வரும். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலை. ஒன்றரை வருஷத்தில் கண்ணாடி போட்டாள். முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அலுத்துக்கொண்டிருந்தால், நானும் சண்டை போட்டு என் மனதை ஆற்றியிருப்பேன்.

அந்த அட்டையை லாக்கர் கதவுக்குள் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். அவள் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள். ஞாயிறு பள்ளியில் நான் அடித்துச் சொல்லிக்கொடுத்த தமிழ்தான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். தினமும் அவள் வாசிக்கிற தமிழ் என்றால் அந்த ஒரு வரிதான். கூட வேலை செய்கிற மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் அது என்னவென்று கேட்பார்களாம். மொழிபெயர்த்துச் சொல்வாளாம்.

"என்ன சொல்லுவே?"

"இங்கேயே இரு, நான் உன்கூட இருக்கேன்னு. ரோக்கையா சொல்றா, அவ பாய்ஃபிரண்டுகூட இவ்வளவு நல்லா சொன்னதில்லையாம்."

சிரித்துச் சிரித்துச் சொல்வாள். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இந்த நாட்டிலேயே இரு என்று மகளுக்கு ஏற்பாடு செய்த எனக்கு இந்த நாட்டில் இன்னும் சிவப்பு ஐசிதான், அதாவது சிவப்பு அடையாள அட்டை. குடிமக்களுக்கு நீலம், என்னைப் போன்று வந்து தங்கியவர்களுக்குச் சிவப்பு. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த நாட்களில்தான் குடியுரிமைக்கு மனுப் போட்டு, மலாய்ப் பேச்சுப் பரீட்சைக்குப் போனேன். என் மலாய் பாசாரில் மீன்காரரிடம் கற்றது. "லு" என்று பேசித்தான் பழக்கம், தமிழில் "நீ, வா, போ" என்கிற மாதிரி. பதற்றத்தில் அதிகாரியைப் பார்த்து, "லு என்ன கேட்டே?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னோடு வந்த கிருபா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். படித்துவிட்டு அடுத்த வருஷம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

திரும்பும் வழியில் மகள் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஆபீசரைப் போய் மீன்காரனாக்கிட்டீங்களேம்மா! நல்லவேளை, கிலோ என்ன விலைன்னு கேக்கல." பிறகு தினமும் சாயங்காலம் என்னை உட்காரவைத்து, "என்சே சொல்லுங்க, என்சே" என்று, நம் 'ஐயா' மாதிரி, மரியாதை மலாய் கற்றுக்கொடுத்தாள். கண் சிவந்து வேலையிலிருந்து வந்தவள்.

மிச்சம் இரண்டு அட்டைகள் என் தையல் டப்பாவில் ஊசிகளுக்கு அடியில் கிடந்தன. வசனத்தைக் குப்பையில் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். பொய்யாகச் சீட்டு வைக்கத் துணிந்த எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழிக்கத் துணிவு வரவில்லை. நம் பக்தி எந்த இடத்தில் விழித்துக்கொள்கிறது பாருங்கள்.

6

இரண்டாம் வருஷம் நடுவில் வாலிபர் ஞாயிறு வந்தது. சாட்சி சொல்ல பாஸ்டர் கிருபாவைக் கூப்பிட்டார். நான் பின் பெஞ்சில் இருந்தேன்.

அவள் நேராக நின்று பேசினாள். "எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியாம இருந்துச்சு. ஜெபம் பண்ணிட்டு கார்டு எடுத்தேன். அதுல தெளிவா இருந்துச்சு. அன்னைக்கிலிருந்து நான் குழம்பினதே இல்ல. கடவுள் பேசுவாரு. நீங்களும் கேளுங்க."

எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள்.

கூட்டம் முடிந்ததும் சாந்தி என்னிடம் வந்தாள். மூன்றாம் படிவம் படிக்கிற பெண். அப்பா, அம்மா தீவுக்கு அக்கரையில் பைராம் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். இவள் இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே போய்விடலாமா என்று ஒரு மாதமாக அலைபாய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, மிச்ச கார்டெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?"

"எதுக்கு?"

"கிருபா அக்கா மாதிரி நானும் ஒண்ணு எடுத்துப் பாக்கிறேன். போன்னு வந்தா போயிடுறேன். இருன்னு வந்தா இருக்கேன். எனக்கு யோசிச்சு யோசிச்சுத் தலை வலிக்குது, ஆன்ட்டி."

பதினைந்து வயதுப் பெண். முழு நம்பிக்கையோடு கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எந்த அட்டையை வேண்டுமானாலும் நான் அந்தக் கையில் வைக்கலாம். அவள் படிப்பு என் கையில் இருந்தது.

"வீட்டுல இருக்கு. அடுத்த வாரம் பாப்போம்," என்றேன். அதுவும் பொய். மிச்ச அட்டைகள் சபை அலமாரியில் இருந்தன. வீட்டில் இருந்தவை இரண்டே அட்டைகள், இரண்டும் ஒன்றேதான்.

7

சனிக்கிழமை மத்தியானம். கிருபா ஃபேக்டரிக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தையல் டப்பாவைத் திறந்து இரண்டு அட்டைகளையும் இஸ்திரி மேஜை மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது வராது.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். ஒரு அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். இன்னொன்றையும் வாசித்தாள்.

"மூணும் இதேதானா?"

"இதேதான்."

"நான் எதை எடுத்திருந்தாலும்?"

"ஆமா."

"அப்ப கடவுள் எனக்கு ஒண்ணுமே சொல்லல."

அவள் இரண்டு அட்டைகளையும் கீழே வைத்தாள்.

"ஒன்றரை வருஷம்மா. தினமும் லாக்கரைத் திறக்கிறப்ப எல்லாம் அதைத் தொட்டுட்டுதான் உள்ளே போவேன். கண்ணு வலிக்கிறப்ப எல்லாம், பரவால்ல, அவர்தானே இருக்கச் சொன்னாருன்னு... ரோக்கையாகிட்டகூடச் சொன்னேனே!" குரல் உடைந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. "ஏம்மா? போகாதேன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கேட்டிருக்க மாட்டே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டுப் பாத்தீங்களா? எனக்குப் பயமா இருக்கு கிருபா, போகாதேன்னு ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைம்மா. நான் இருந்திருப்பேனோ என்னவோ. அது நான் முடிவு பண்ணினதா இருந்திருக்கும். இப்ப அது என்னது? நான் எடுத்ததும் இல்ல, கடவுள் குடுத்ததும் இல்ல."

எனக்கு என் அப்பாவின் உபவாசம் நினைவுக்கு வந்தது. நானும் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் ஜெபித்திருக்கிறேன்.

"மன்னிச்சிரும்மா" என்றேன். தமிழ் அம்மாக்களுக்கு அந்த வார்த்தை நாக்கில் ஒட்டாது. எனக்கும் ஒட்டவில்லை. கீழே விழுந்த மாதிரிதான் வந்தது.

அவள் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டாள். கதவு வரை போனவள் திரும்பி, "சாந்திகிட்ட நீங்களே சொல்லணும். எல்லார் முன்னாலயும். நான் அன்னைக்கு நின்னு சொன்னேன்ல, அதே இடத்துல நின்னு சொல்லுங்க," என்றாள்.

8

சொன்னேன். அடுத்த ஞாயிறு, பத்தொன்பது பிள்ளைகள் முன்னால், அதே இடத்தில். கிருபா வரவில்லை. ஆர்மோனியம் மூடிக் கிடந்தது.

சொல்லி முடித்ததும் எங்கள் கோமாளி டேவிட் கையைத் தூக்கினான். "ஆன்ட்டி, எனக்கு மூணு வருஷமா பொறுமையா இரு, பொறுமையா இருன்னே வருது. அதுவும் உங்க வேலையா?"

"இல்லடா. உன்னைப் பாத்தா கடவுளே அதைத்தான் சொல்லுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். சாந்தி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நான் என்ன செய்யறது, ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

பத்து வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் இதைக் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் தயாராக ஒரு வசனம், ஒரு அறிவுரை வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது, சாந்தி."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ நீளமாக ஒரு மூச்சு விட்டு, "உங்களுக்கும் தெரியாதா?" என்றாள். ஏதோ பாரத்தில் பாதியை நான் வாங்கிக்கொண்ட மாதிரி. "தெரியாது. ஆனா நீ தோட்டத்துக்குப் போய் உங்கம்மாகிட்ட கேட்டியா?" என்றேன். கேட்கவில்லையாம். அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்குமென்று அவள் கேட்கவில்லை. மகளுக்குக் கஷ்டமாக இருக்குமென்று அம்மாவும் வாய் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஃபெரி ஏறி, பஸ் பிடித்து, நானும் அவளோடு போனேன். அம்மாவும் மகளும் உட்கார்ந்து பேசினார்கள். நான் வெளியே நின்று கொசுக்கடி வாங்கினேன், வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். சாந்தி இப்போதும் படிக்கிறாள். சனிதோறும் தோட்டத்துக்குப் போய் வருகிறாள். அது சரியான முடிவா என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

பெற்றோரே, ஊழியரே, உங்களுக்கு ஊக்கம் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டாரே, என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பிள்ளை "தெரியல" என்றால் அது வியாதி இல்லை. உங்கள் பயத்துக்குக் கடவுளின் குரலைக் கடன் வாங்காதீர்கள். பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள். நாம்தான் தாங்க மாட்டோம். கடவுள் பேசுவார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். நான் இடையில் பேசாமல் இருந்தால் அவருக்கு வசதியாக இருக்கும் என்பதுதான் புதிதாகக் கற்றுக்கொண்டது.

இதைச் சொன்னதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கிருபா ஏழு வாரம் ஆராதனைக்கு வரவில்லை. வீட்டில் "சாப்பாடு போடுங்க", "பஸ் வந்திருச்சு" என்பதற்கு மேல் பேச்சில்லை. அட்டைத் தட்டைப் பாஸ்டர் வேறு ஒருவரிடம் கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான். எட்டாவது வாரம் வந்து ஆர்மோனியத்தைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அன்று அவள் கை தப்பித் தப்பி வாசித்த பாட்டுப் போல இனிமையாக நான் எதையும் கேட்டதில்லை.

புது வருஷத்தன்று அட்டை எடுக்க அவள் வரவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை.

9

இங்கிலாந்துக்கு மறுபடி எழுதினாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினாள். "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "எனக்கும்தான்" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. இந்த முறை வேறு ஆஸ்பத்திரி, வேறு ஊர். இடம் கிடைத்தது.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் போகும் வழியில்தான் அவள் ஃபேக்டரி. டாக்சி அதைத் தாண்டும்போது ஷிப்ட் முடிந்து பெண்கள் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே போவதற்கு முன், "சரியா செய்யறேனாம்மா? தெரியல," என்றாள்.

"எனக்கும் தெரியலம்மா. போயிட்டு வா," என்றேன்.

மூன்று வாரம் கழித்து எனக்கு மறுபடி மலாய்ப் பேச்சுப் பரீட்சை. தனியாகப் போனேன். நல்ல சேலை கட்டி, "என்சே, என்சே" என்று வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டு. அதே அதிகாரிதான். ஐசி கேட்டார். பிளாஸ்டிக் உறையிலிருந்து சிவப்பு ஐசியை உருவினேன். கூடவே ஒரு அட்டை நழுவி அவர் மேஜைமேல் விழுந்தது.

நான்கு மூலையிலும் டேப் உரித்த மஞ்சள் தடம். லாக்கரில் இருந்த அதே அட்டை. கிளம்புவதற்கு முன் எப்போதோ வைத்திருக்கிறாள்.

அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார். தமிழ் எழுத்து. என்ன எழுதியிருக்கிறது, மலாயில் சொல்லுங்கள் என்றார். பரீட்சைக்குச் சேர்த்துக் கேட்டாரோ, சும்மா கேட்டாரோ. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தேன். இந்த நாட்டிலேயே இருங்கள். நான் உங்களோடு இருப்பேன்.

அவர் என் சிவப்பு ஐசியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். புன்னகை வந்தது. "நல்ல வார்த்தை. யார் சொன்னது?"

முன்பென்றால் யோசிக்காமல் மேலே கையைக் காட்டியிருப்பேன்.

"அனாக் சாயா, என்சே," என்றேன். என் மகள்.